கிளச் இல்லாத கார்

எமிலியானா அந்தக் காரை முதன்முதலாகக் கண்டது தையல் மெசின் வைக்க இடம் தேடிப்போன அன்றைக்குத்தான்.

பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் அவளும் புருசன் அகஸ்ரினும் ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். மேலே வீட்டுக்காரி சிஞ்ஞோரா நுன்சியா. குசினியோடு ஒட்டினாற்போல் ஒரு கராஜ். சிஞ்ஞோராவின் புருசன் செத்த பிறகு அதன் தகரக் கதவை ஒருவரும் தூக்கிப் பார்த்ததில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாத மழையில் வீட்டுக்குள் ஒழுக்குத் தொடங்க, மெசின் நனையாமல் இருக்க வழிகேட்டு எமிலியானா மேலே போனாள். சிஞ்ஞோரா திறப்பைக் கொடுத்து, "உள்ளுக்கு என்ர மனுசன்ர அமெரிக்கன் சனியன் ஒண்டு நிக்குது. அதுக்குப் பக்கத்தில இடம் கிடந்தால் வை" என்றாள்.

சனியன் ஒரு கித்தான் படங்கின் கீழ் நின்றது. படங்கை இழுத்தபோது தூசி மேகம்போல எழும்பி, அது அடங்கிய பிறகுதான் முகப்பில் ஓடுகிற குதிரைச் சின்னம் தெரிந்தது. அறுபத்தாறாம் ஆண்டு மஸ்டாங். நீண்ட மூக்கு, குறுகிய பின்புறம். நாலு ரயரும் காற்றுப்போய்த் தரையோடு அப்பிக் கிடந்தன. பின்சீற்றை எலி பிய்த்திருந்தது. சாரதிப் பக்கத்துத் தரை கறள் பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விட்டிருந்தது.

அந்த ஓட்டையைப் பார்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே இரண்டு பெடல்தான் இருந்தன. ஒன்று பெற்றோலுக்கு. மற்றது அகலமான பிறேக். மூன்றாவது இல்லை.

இதன் அர்த்தம் வேறு ஆருக்கும் விளங்கியிராது. மன்னாரில் எமிலியானா வான் ஓட்டினவள். ஒரு தொண்டு நிலையத்தில் வேலை. தையல் மெசின்களையும் பயிற்சிப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தவள். "பொம்பிளை ஓட்டுற வான்" என்று சந்தியில் நின்று பார்ப்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு விழுந்த ஷெல்லில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பொய்க்கால் போட்டு நடக்கப் பழகினாள், படி ஏறப் பழகினாள், கப்பலும் பிளேனும் ஏறிப் பலெர்மோவுக்கே வந்துவிட்டாள். ஆனால் கிளச்சை அமத்தப் பொய்க்காலால் முடியாது. எவ்வளவு அமத்துகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. இத்தாலியில் அவள் கண்ட கார்களுக்கெல்லாம் கிளச் இருந்தது. கியர் தானாக மாறுகிற கார் என்று டிரைவிங் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, அங்கே இருந்த பெட்டை சிரித்துக்கொண்டே கையை விரித்தாள்.

எமிலியானா நேரே மேலே போனாள். பொய்க்காலோடு அந்தப் படியை அவ்வளவு கெதியாக அவள் ஏறினதை சிஞ்ஞோரா அதற்கு முன் கண்டதில்லை.

"சிஞ்ஞோரா, அந்தக் காரை என்ன செய்யப்போறீங்கள்?"

"இரும்புக்காரன் வந்தால் குடுப்பன்."

"எனக்குத் தாங்கோ."

சிஞ்ஞோரா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எடு. ஆனால் திருத்தின பிறகு என்னை ஒருதரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். அந்த மனுசன் நியூ ஜேர்சியில இருந்து கப்பலில கொண்டுவந்திட்டு, தெரு ஒழுங்கை எல்லாம் ஒடுக்கம் எண்டு சொல்லி ஒருநாளும் என்னை ஏத்தேல்லை."

அகஸ்ரின் மொண்டெல்லோவில் ஒரு சட்டத்தரணி வீட்டில் சமையலும் துப்புரவும் பார்க்கிறவன். வேலையால் வந்து, கராஜைப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தான். குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

"ஓடாது" என்றான் கடைசியில்.

"ஓடப் பண்ணுவம்."

"ஆர்?"

"நான்தான். பிப்போவையும் கேப்பன்."

"நீர் கேட்டாலும் அவன் வரான்."

பிப்போ அடுத்த ஒழுங்கையில் கார்த் தகடு தட்டி, ஒட்டி, நிறம் பூசுகிற தொழில் செய்கிறவன். நாற்பது வயதிருக்கும். கோபக்காரன் என்று பெயர். எமிலியானா கேட்கப் போனபோது அவன் முதலில் சிரித்தான். பிறகு வந்து பார்த்தான். கராஜ் வாசலில் நின்று காரைப் பார்த்த விதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது, ஆள் விழுந்திட்டான் என்று.

"தகட்டு வேலை நான் செய்வன்" என்றான் பிப்போ. "எஞ்சின் எனக்குத் தெரியாது. இது எட்டுச் சிலிண்டர். எங்கட ஊர்க் கார் எல்லாம் நாலு. இதின்ர கியர்பெட்டியை நான் கண்ணாலயும் கண்டதில்லை."

காரின் பின் பெட்டியில், எப்படித் திருத்துவது என்று சொல்கிற தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. முழுக்க இங்கிலிஷ். பிப்போவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷ் எமிலியானாவுக்கு இருந்தது. அன்றிலிருந்து அவள் வாசிப்பாள், அவன் செய்வான். அவன் களைத்தால் அவள் செய்வாள். வாசித்ததை இத்தாலியனில் சொல்லத் தெரியாதபோது கையால் காட்டுவாள். அவன் சிசிலியன் பாசையில் திட்டுவான். அந்தத் திட்டில் பாதி பாகங்களின் பெயராகவே அவள் மனதில் பதிந்துபோனது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளுக்குள் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம், நட்டுக் கழற்றுகிற நீண்ட சாவியை எஞ்சினின் முன்புறத்து நட்டில் மாட்டி எமிலியானா மெல்ல நெம்பிப் பார்ப்பாள். அசையாது. பலவந்தம் பண்ணாதே என்று புத்தகம் சொல்லியிருந்தது. பிப்போவுக்குப் பொறுமை இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தவனை அவள் வாசலில் மறித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசை முடிந்து வந்து, நல்ல சட்டையோடேயே சாவியில் கை வைத்தபோது, அது ஒரு விரற்கடை அளவு அசைந்தது. எமிலியானா போட்ட சத்தத்தில் சிஞ்ஞோரா மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "விழுந்திட்டியோ?" என்று கத்தினாள்.

பிறகு வேலை ஓடியது. பெற்றோல் தாங்கிக்குள் சின்னக் கற்களைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டி, கறளைக் கழுவி ஊற்றினார்கள். காபுரேற்றரைக் கழற்றி ஒவ்வொரு துளையாக ஊதினார்கள். பிப்போ ஓட்டைத் தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டினான். சீற்றுகள் எமிலியானாவின் பங்கு. பழைய உறையைத் தையல் பிரித்து, அதையே அச்சாக வைத்து, கறுப்பு றெக்சினில் புதிதாக வெட்டித் தைத்தாள். தடித்த ஊசிக்கு அவளுடைய மெசின் முனகியது. ஆனாலும் தைத்தது. நிறம் பூசுகிற நாளில்தான் பெரிய சண்டை. பிப்போ சிவப்பு என்று நின்றான். அவள் வெளிர்நீலம் என்றாள். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்துவிட்டு, அவன் வெளிர்நீலப் பெயின்ற் ரின்னோடு வந்தான்.

வைகாசியில் ஒரு பின்னேரம் எஞ்சின் பற்றிக்கொண்டது. ஒழுங்கை அதிர்ந்தது. எதிர்வீட்டுச் சனம் யன்னலைத் திறந்தது. எமிலியானா சாரதி ஆசனத்தில் இருந்தாள். ஆறு வருசத்துக்குப் பிறகு அவளுடைய கை ஒரு ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தது. பிப்போ கையைக் காட்ட, கியர் நெம்பை மெல்ல இழுத்தாள். கார் தானாகவே முற்றத்துக்குள் ஊர்ந்தது. அவள் சிரித்துக்கொண்டு பிறேக்கை அமத்தினாள். பிறேக் ஒருமுறை பிடித்தது. இரண்டாந்தரம் அமத்தியபோது உள்ளே ஏதோ விட்டுப்போன மாதிரி பெடல் தரைமட்டும் போனது.

கார் நிற்கவில்லை. மெதுவாகத்தான் போனது, ஆனாலும் போனது. சிஞ்ஞோராவின் எலுமிச்சைச் சாடிகளை உடைத்துக்கொண்டு போய், மதிலில் மூக்கை இடித்து நின்றது. பத்துப் பதினைந்து அடி தூரம்தான். வேலையால் வந்த அகஸ்ரின் அந்த நேரம் பார்த்துப் படலைக்குள் காலை வைத்தான்.

அவன் ஓடிவந்து கதவைத் திறந்து அவளை இறக்கினான். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. பிப்போ கீழே குனிந்து பார்த்து, பிறேக் எண்ணெய் போகிற பழைய குழாய் உக்கி வெடித்துவிட்டது என்றான். நாலு சில்லுக்கும் ஒரே இணைப்பு. ஒரு இடத்தில் ஒழுகினால் எல்லாம் போகும். அகஸ்ரின் அதை ஒன்றும் காதில் விழுத்தவில்லை. எஞ்சினை நிற்பாட்டி, திறப்பைக் கழற்றித் தன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டான்.

"இதோட முடிஞ்சுது" என்றான்.

அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை. அவள் கட்டிலில் இருந்து பொய்க்காலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் யன்னலோடு நின்றான்.

"ஷெல் விழுந்த அண்டைக்கு உம்மைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினது நான்" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல். "உமக்கு நினைவில்லை. மயங்கிக் கிடந்தீர். எனக்கு ஒவ்வொரு அடியும் நினைவிருக்கு. இன்னொருக்கால் என்னால ஏலாது."

ஆறு வருசத்தில் அவன் இதைச் சொன்னது இதுதான் முதல்தரம். அவளை பஸ்ஸில் தனியே போக விடாதது, வேலைக்குப் போகவேண்டாம் என்றது, சந்தைச் சாமானைக்கூடத் தானே சுமந்து வருவது எல்லாம் இதனால்தான் என்று அவளுக்கு முந்தியே தெரியும். இருந்தாலும் அவன் வாயால் கேட்டபோது, கழற்றின காலைக் கட்டிலோடு சாத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "நீங்கள் பயப்பிடுறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. பிறேக் இல்லாத காரில ஏறினது என்ர மடைத்தனம்தான். முதல் பிறேக்கைப் பாத்திருக்கவேணும், பிறகுதான் எஞ்சின். அவசரத்தில அந்தரப்பட்டிட்டன். ஆனால் என்னை இப்பிடியே வீட்டுக்குள்ள பொத்தி வைச்சிருந்தால், அந்த ஷெல் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்குது எண்டு அர்த்தம்."

அவன் பொக்கற்றுக்குள் திறப்பைப் பொத்திப் பிடித்தான்.

"திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும்" என்றாள் அவள். "பிறேக்கை நான் மாத்துறன். மாத்தின பிறகு நீங்களே அமத்திப் பாருங்கோ. உங்களுக்குத் திருப்தி இல்லையெண்டால் நானே இரும்புக்காரனைக் கூப்பிடுவன்."

அவன் யன்னலைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்தான்.

உடைந்த சாடிகளுக்கு சிஞ்ஞோரா கோபிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு முழு நாள் கத்தினாள். கத்தி முடிய, நியூ ஜேர்சியில் இருக்கிற மச்சானுக்குத் தானே ரெலிபோன் எடுத்தாள். எமிலியானா பக்கத்தில் நின்று, வேண்டிய சாமானை இங்கிலிஷில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி வைத்த பிறேக் சிலிண்டர். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். ஆடி மாதம் மரப்பெட்டி ஒன்று வந்திறங்கியது. புதுக் குழாய்களைப் பிப்போ வளைத்தான். பழைய முன் பிறேக்குகளை எமிலியானா தன் கையாலேயே கழற்றி எறிந்தாள். வேலையோடு வேலையாக இருக்கட்டும் என்று, முன் ஆசனங்கள் இரண்டுக்கும் தோளுக்குக் குறுக்கே போடுகிற பட்டியும், எஞ்சினைப் பற்றவைக்கிற பழைய பொயின்ற்றுக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் பெட்டியும் பூட்டினார்கள். மதிலில் இடித்த மூக்கைப் பிப்போ தட்டி நிமிர்த்தினான்.

கடைசியாக மிஞ்சியது பிறேக் குழாய்களுக்குள் இருந்த காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே, ஒருவர் பெடலில். அன்றைக்குப் பார்த்துப் பிப்போ பகேரியாவில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டான். அவன் வேண்டுமென்றேதான் போனானோ என்று எமிலியானாவுக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

அகஸ்ரினுக்கு லீவு நாள். அவள் கராஜில் இருந்து கூப்பிட்டாள்.

"ஒருக்கால் வந்து பெடலை அமத்துவீங்களோ? வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை."

அவன் வந்தான். மட்டை ஒன்றை விரித்து அவள் காருக்குக் கீழே படுத்திருந்தாள். கழற்றின பொய்க்கால் சில்லோடு சாத்திக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவன் சற்று நேரம் நின்றான். பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தான். அவள் தைத்த சீற்றில் அவன் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அமத்துங்கோ" என்றது கீழே இருந்து குரல்.

அமத்தினான்.

"விடாதேங்கோ... பிடிச்சுக்கொண்டிருங்கோ... சரி, இப்ப விடுங்கோ."

சிறிய குழாய் வழியாகப் போத்தலுக்குள் எண்ணெய் குமிழி குமிழியாக வந்து விழுகிற சத்தம் கேட்டது. திரும்பவும் அமத்தினான். திரும்பவும் விட்டான். முதலில் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தது. ஒரு சில்லு முடிய அவள் உடம்பை அரக்கி அரக்கி அடுத்த சில்லுக்குப் போனாள். அவன் இறங்கப் பார்த்தான்.

"இறங்காதேங்கோ. நீங்கள் இறங்கினால் வேலை நிண்டுபோம்."

நாலாவது சில்லுக்கு வந்தபோது அவன் காலுக்குக் கீழே பெடல் மாறிப்போயிருந்தது. பாதித் தூரம்கூடப் போகவில்லை. கல்மாதிரி நின்றது. அவன் இன்னொருமுறை முழுப் பலத்தையும் போட்டு அமத்தினான். இறங்கவில்லை.

"எமிலி" என்றான்.

"என்ன?"

"பிடிக்குது."

அவள் வெளியே அரக்கி வந்தாள். முகமெல்லாம் எண்ணெய். அவன் பொக்கற்றுக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்தான். அவளிடம் நீட்டவில்லை. தானே எஞ்சினை முடுக்கினான். அகஸ்ரினுக்குச் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது.

"முற்றத்துக்குள்ள ஒரு சுத்துச் சுத்துவமே" என்றான். "நான் பக்கத்தில இருக்கிறன். காலை மாட்டிக்கொண்டு வாரும்."

பதினாலு சுற்றுச் சுற்றினார்கள் என்று சிஞ்ஞோரா பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். அவள் எண்ணியிருக்க மாட்டாள். எப்போதும் கூட்டித்தான் சொல்வாள்.

லைசென்ஸ் எடுக்கிற கதை தனிக் கதை. மருத்துவர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்து காலைத் தட்டிப் பார்த்தார்கள். தானாகக் கியர் மாறுகிற கார் என்றால் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பழகக் கார் எங்கே எடுப்பாய் என்று ஒருவர் கேட்டார். "வெளியில நிக்குது" என்றாள். பதினைந்து வருசத்துக்கு மேலாக லைசென்ஸ் வைத்திருக்கிற பிப்போ பக்கத்தில் இருக்க, மாரிகாலம் முழுக்கப் பழகினாள். ஓட்டம் அவளுக்கு மறக்கவில்லை. பலெர்மோ ஆட்கள் எப்படி ஓட்டுவார்கள் என்பதைத்தான் பழக வேண்டியிருந்தது.

சோதனை நாள் வந்தது. சோதனை எடுக்கிற அதிகாரி மெலிந்து உயர்ந்த மனுசன். பின்சீற்றில் ஏறி, முழங்கால் நாடியில் முட்ட மடங்கி இருந்தார். முன்னால் பிப்போ, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பூசைக்கு வந்தவன் மாதிரி. ஒரேத்தோ தெருவால் போகச் சொன்னார். போனாள். கோர்சோ துக்கோரியில் திருப்பச் சொன்னார். திருப்பினாள். பல்லரோச் சந்தைப் பக்கமாக ஒரு ஒழுங்கைக்குள் விடச் சொன்னபோது பிப்போ அந்தோனியாரைக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. ஒழுங்கைக்குள் கத்தரிக்காய்ப் பெட்டிகள் ஒருபக்கம், மீன்காரனின் ஐஸ் தண்ணீர் ஒருபக்கம். நடுவில் லொறி ஒன்று குறுக்கே நின்றது.

"பின்னால எடுங்கோ" என்றார் அதிகாரி.

கண்ணாடியில் பார்த்து, தோளைத் திருப்பிப் பார்த்து, அந்த நீண்ட மூக்கை ஒரு பெட்டியிலும் தட்டாமல் பின்னுக்கு எடுத்தாள். மீன்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கைகாட்டினான். பெரிய தெருவுக்கு வந்து நிமிர்ந்த கையோடு, இடது பக்கத்தால் ஒரு மோட்டார்சைக்கிள், இரண்டு பெடியள், சிவப்பு விளக்கைக் கணக்கெடுக்காமல் குறுக்கே பாய்ந்தது.

அவள் நினைக்கவில்லை. வலது கால் தன்பாட்டில் போய் அமத்தியது. கார் இருந்த இடத்திலேயே குந்தியது. பெடியள் திரும்பிப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனார்கள். பின்னால் சத்தமே இல்லை. அதிகாரி செத்துப்போனாரோ என்று அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இந்தப் பிறேக்கை ஆர் பூட்டினது?" என்று கேட்டார்.

"நானும் என்ர மனுசனும்" என்றாள் எமிலியானா. பிப்போ தொண்டையைச் செருமினான். "இவரும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அகஸ்ரின் லீவு போட்டுவிட்டு, லைசென்ஸ் கொடுக்கிற கந்தோர் வாசலில் நின்றான். கார் வந்து நின்றதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி எழுதுகிற கையைத்தான் பார்த்தான். அவர் கையெழுத்துப் போட்டு, அவளுக்குக் கைகொடுத்தார். அகஸ்ரின் வாய்விட்டு அழுத அழுகையில் காவல்காரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அப்போது வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்து ஒரு பெண் எழும்பி வந்தாள். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். முப்பது வயதிருக்கும். பெயர் கிராசியெல்லா, பகேரியா ஆள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டதாம். மருத்துவர்கள் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்து இரண்டு வருசமாகிறதாம். பழகத்தான் கார் இல்லை. அன்றைக்கும் கேட்டுப் பார்க்கத்தான் வந்தாளாம், வழமைபோல இல்லை என்றுவிட்டார்கள்.

அவள் காரைச் சுற்றி ஒருமுறை வந்தாள். யன்னலுக்குள் குனிந்து கீழே பார்த்தாள்.

"இரண்டுதான்" என்றாள் மெல்ல.

"ஓம், இரண்டுதான்" என்றாள் எமிலியானா தமிழில், பிறகு இத்தாலியனில். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வருவியோ?"

பிப்போ, "அப்ப திரும்பவும் நானோ பக்கத்தில இருக்கவேணும்?" என்று கேட்டான். அவன் கேட்டபோதே கழுத்துப்பட்டியைச் சரிசெய்ததை அகஸ்ரின் கவனித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கிராசியெல்லா பஸ்ஸில் வந்திறங்கினாள். கடலோரத்தில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் வெறும் வளவுக்குக் காரைக் கொண்டுபோனார்கள். சாரதி ஆசனத்தில் கிராசியெல்லா. பக்கத்தில் பிப்போ. பின்னால் எமிலியானா, அவளோடு, கறுப்புக் கண்ணாடியும் தலைத்துண்டுமாக, கடற்கரை பார்க்க வெளிக்கிட்ட சிஞ்ஞோரா நுன்சியா. அகஸ்ரின் வெளியே மதிலில் ஏறி இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

"இடது காலை மறந்துபோ" என்றாள் எமிலியானா, முன் ஆசனத்தில் கையை ஊன்றி. "வலது காலால முதல் பிறேக். ஆ, அப்பிடித்தான். இப்ப நெம்பை இழு. காலை மெல்ல எடு. பயப்பிடாதே, அது தானாப் போகும்."

எஞ்சின் உறுமியது. கிராசியெல்லா கண்ணை மூடினாள்.

"கண்ணைத் திற!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவள் திறந்தாள். கார் போய்க்கொண்டிருந்தது.